240ஆவது படியில் காணாமல் போன நிரல்: ஒரு டிஐ-59 பழுதுபார்ப்பு

என் பழைய டிஐ-59 கால்குலேட்டரில் 000ஆவது படியிலிருந்து 239 வரை நிரல் ஒழுங்காக இருந்தது. 240இலிருந்து ஒன்றுமே இல்லை. திரையில் 00, 00, 00 என்று ஓடியது. மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் 270 படி நிரலை முழுவதுமாகத் தட்டி முடித்திருந்தேன். கடைசி முப்பது படிகள் மட்டும் மாயமாகிவிட்டன.

இந்த டிஐ-59 பல ஆண்டுகளாக என் அலமாரியில் கிடந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1977இல் வெளியிட்ட, நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டர், சிவப்பு எல்இடி திரை, காந்த அட்டை படிக்கும் வசதி. மின்கலத்தைக் கழற்றாமலேயே உள்ளே வைத்துவிட்டேன். குற்றம் முழுக்க என்னுடையது. நிக்கல்-காட்மியம் செல்கள் கசிந்து, தொடுமுனைகளில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தன. கசிந்தது காரம் என்பதால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீராலும் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் சுத்தம் செய்தேன். மின்கலப் பெட்டியில் இருப்பவை மூன்று செல்கள்தான், மொத்தம் 3.6 வோல்ட். பழையவற்றை எடுத்துவிட்டு அதே அளவில் புதிய செல்களை வைத்தேன். அந்தக் காலத்துச் சில்லுகளுக்கு 3.6 வோல்ட் போதாது; உள்ளே இருக்கும் ஒரு சிறு மாற்றி அதைத் தேவையான அளவுக்கு உயர்த்தித் தருகிறது. மாற்றி பிழைத்திருந்தது. சுவிட்சைத் தள்ளியதும் திரையில் ஒற்றை 0 எரிந்தது. அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எச்பி-25 போன்ற பழைய கால்குலேட்டர்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மின்கலம் இல்லாமலோ செத்த மின்கலத்துடனோ சார்ஜரைச் செருகிச் சோதித்துப் பார்க்காதீர்கள். மின்கலம் தாங்கிப் பிடிக்காத மின்னழுத்தம் நேராகச் சில்லுகளின் தலையில் இறங்கும்.

நிரல் காணாமல் போன கதைக்கு வருகிறேன். டிஐ-59இல் எல்ஆர்என் பொத்தானை அழுத்தினால் நிரல் எழுதும் நிலைக்குப் போகும். திரையில் இடப்பக்கம் மூன்று இலக்கப் படி எண்ணும், வலப்பக்கம் இரண்டு இலக்கப் பொத்தான் எண்ணும் தெரியும். பொத்தான் எண் என்பது அந்தப் பொத்தான் விசைப்பலகையில் இருக்கும் இடம்தான்: முதல் இலக்கம் எத்தனையாவது வரிசை, இரண்டாவது இலக்கம் அந்த வரிசையில் எத்தனையாவது இடம். எண்ணைச் சேமிக்கும் எஸ்டிஓ நான்காம் வரிசையில் இரண்டாவது, ஆகவே 42. சேமித்ததைத் திரும்ப எடுக்கும் ஆர்சிஎல் 43. பொத்தானுக்கு மேலே எழுதியிருக்கும் இரண்டாம் வேலைக்கு இட எண்ணோடு ஐந்தைக் கூட்ட வேண்டும். ஏழாம் வரிசை முதல் பொத்தானின் மேலே இருக்கும் லேபிள் (நிரலில் ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கும் கட்டளை) 76 ஆவது அப்படித்தான். 0 முதல் 9 வரையுள்ள எண் பொத்தான்களுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அவை 00 முதல் 09 வரை, அவையேதான்.

அதனால் வெற்றுப் படி என்று ஒன்று இந்த இயந்திரத்தில் இல்லை. அழித்த நினைவகம் முழுக்க 00, அதாவது 'பூஜ்யம் பொத்தானை அழுத்து' என்ற கட்டளை. என் நிரல் 239ஆவது படியில் விடையைக் கணக்கிட்டு வைத்திருக்கும். அதன் பிறகு வரிசையாகப் பூஜ்யங்களை அழுத்திக்கொண்டே போயிருக்கும். நிறுத்தச் சொல்லும் ஆர்/எஸ் அங்கே இல்லையே! கடைசியில் எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் விடை 0.

முதலில் என் விரல்களைச் சந்தேகித்தேன். கடைசி முப்பது படிகளை மூன்று முறை மறுபடியும் தட்டினேன். ஒவ்வொரு படியைத் தட்டும்போதும் படி எண் ஒன்று கூடும். பின்னால் போய்ப் பார்த்தால் 00. பிறகு பொத்தான்களைச் சந்தேகித்தேன். ஆனால் அதே பொத்தான்கள் 100ஆவது படியில் ஒழுங்காகப் பதிந்தன. அப்புறம்தான் நினைவகத்தின் பக்கம் கவனம் போனது. அங்கேயும் ஒரு தவறான எண்ணம் எனக்குத் தடையாக இருந்தது. நிரலுக்கு ஒரு நினைவகம், எண்களுக்கு வேறொரு நினைவகம் என்று நினைத்திருந்தேன். எண்களைச் சேமிக்கும் ரிஜிஸ்டர்கள் 00 முதல் 59 வரை எல்லாம் சரியாக வேலை செய்ததால், 'எண் பகுதி நலம், நிரல் பகுதியில் கோளாறு' என்று முடிவுகட்டினேன். அந்த நம்பிக்கையில் ஒரு மாலை முழுவதும் வீணானது.

விடை 240 என்ற எண்ணுக்குள்ளேயே இருந்தது.

டிஐ-59இன் ஒரு ரிஜிஸ்டரில் 16 இலக்கங்கள் அடங்கும். எண்ணுக்கு 13 இலக்கங்கள், அடுக்குக்கு 2, குறிகளுக்கு 1. திரை காட்டுவது பத்து இலக்கம்தான். மீதி மூன்று உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு நிரல் படிக்கு இரண்டு இலக்கங்கள். 16ஐ 2ஆல் வகுத்தால் 8. ஓர் எண்ணை வைக்கும் இடத்தில் எட்டுப் பொத்தான் அழுத்தங்களை வைக்கலாம், அவ்வளவுதான். இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. மொத்தம் 120 ரிஜிஸ்டர்கள். எல்லாவற்றையும் நிரலுக்கே கொடுத்தால் 960 படிகள். எவ்வளவு நிரலுக்கு, எவ்வளவு எண்களுக்கு என்பதை ஓபி 17 என்ற கட்டளை தீர்மானிக்கிறது. இயந்திரத்தைப் போட்டவுடன் இருக்கும் நிலை 479.59, அதாவது 000 முதல் 479 வரை படிகள், 00 முதல் 59 வரை ரிஜிஸ்டர்கள். 10 ஓபி 17 என்று கொடுத்தால் 159.99. 0 ஓபி 17 என்றால் 959.00. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த வேலியைப் பத்துப் பத்து ரிஜிஸ்டராக நகர்த்தலாம். ஒவ்வொரு நகர்வும் 80 படிகள்.

நிரல் ஒரு முனையிலிருந்து வளர்கிறது, எண்கள் மறுமுனையிலிருந்து. ரிஜிஸ்டர் 00 இருப்பது 960 படிகளின் கடைசி எட்டுப் படிகள் இருக்கும் இடம். இந்த 120 ரிஜிஸ்டர்களும் நான்கு சில்லுகளில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 30. முப்பதை எட்டால் பெருக்கினால் 240. காந்த அட்டையின் ஒரு பக்கத்தில் ஒரு வங்கி, அதாவது 240 படிகள், அடங்குவதும் இதே கணக்கில்தான். 240இல் தொடங்கி ஒழுங்காகக் காணாமல் போகிறதென்றால் அது நிரலின் கோளாறு அல்ல. இரண்டாவது சில்லின் கோளாறு. எண்கள் நலமாக இருந்ததற்குக் காரணம், அவை மூன்றாவது, நான்காவது சில்லுகளில் இருந்ததுதான்.

உறுதி செய்துகொள்ள வேலியை நகர்த்தினேன். 10 ஓபி 17. இப்போது இரண்டாவது சில்லு முழுவதும் எண்களுக்கு வந்துவிடும்: ரிஜிஸ்டர் 60 முதல் 89 வரை. முதல் சில்லின் கடைசிப் பத்து ரிஜிஸ்டர்கள் 90 முதல் 99 வரை. சோதனைக்குப் பத்துப் படிகளில் ஒரு சிறு நிரல் எழுதினேன்:

76 11 43 00 72 00 97 00 11 91

வாசிக்கும் முறை இது: லேபிள் ஏ, ரிஜிஸ்டர் 00இல் இருப்பதை எடு, அந்த எண் எந்த ரிஜிஸ்டரைச் சுட்டுகிறதோ அங்கே வை, 00இல் ஒன்றைக் குறை, பூஜ்யம் ஆகாவிட்டால் மறுபடியும் ஏ, ஆகிவிட்டால் நில். 99ஐ ரிஜிஸ்டர் 00இல் போட்டுவிட்டு ஏவை அழுத்தினால், ஒவ்வொரு ரிஜிஸ்டரிலும் அதன் எண்ணே போய் உட்கார வேண்டும். திரை சற்று நேரம் மங்கலாகத் துடித்துவிட்டு நின்றது. ஆர்சிஎல் 59 கேட்டேன், 59. ஆர்சிஎல் 60, 0. ஆர்சிஎல் 75, 0. ஆர்சிஎல் 89, 0. ஆர்சிஎல் 90, 90. எல்லை கத்தியால் வெட்டியது போல இருந்தது. பழுது இருக்கும் இடத்தை மூடியைத் திறக்காமலேயே கண்டுபிடித்த மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

ஆனால் திறந்துதான் ஆக வேண்டும். மணிக்கட்டில் நிலைமின் பட்டையைக் கட்டிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினேன். நான்கு சில்லுகளும் பொதுவான கம்பிகளில்தான் தொங்குகின்றன. பொதுக் கம்பி எங்காவது அறுந்திருந்தால் நான்குமே செத்திருக்கும். ஒன்று மட்டும் ஊமையாகியிருந்தால் சில்லே போயிருக்க வேண்டும், அல்லது பொதுக் கம்பியிலிருந்து அந்தச் சில்லுக்குப் பிரியும் கடைசிச் சிறு துண்டில் கோளாறு இருக்க வேண்டும். சில்லு போயிருந்தால் இன்னொரு செத்த டிஐ-59 கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படி இருக்காது என்று நினைக்க ஒரு காரணம் இருந்தது: மின்கலத்துக்கு மேலே பெட்டியை அழுத்திப் பிடித்தபோது ஒருமுறை ரிஜிஸ்டர் 60 சரியான விடை தந்தது. விரலை எடுத்ததும் மறந்துவிட்டது.

இங்கே அவசரப்பட்டேன். நான்கில் எது இரண்டாவது என்று பலகையில் எழுதியா வைத்திருப்பார்கள்? இடப்பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதை எடுத்துக்கொண்டு, அதன் கால்கள் எல்லாவற்றையும் மறுபடி சால்டர் செய்தேன். ஒரு பலனும் இல்லை. பிறகு உருப்பெருக்கியை எடுத்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பச்சைப் பூப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்தேன். மின்கல அறைக்கு அருகில் இருந்த சில்லின் ஒரு காலைச் சுற்றி ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதிலிருந்து போகும் செப்புக் கோடு பச்சை வார்னிஷுக்கு அடியில் கறுத்திருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை நிலையாக நிற்கவில்லை. முள்ளை அழுத்தினால் குறைந்தது, தளர்த்தினால் கூடியது. கோட்டைச் சுரண்டிப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்துக்குச் செம்பு அரித்துப் போயிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுத்தம் செய்து, மெல்லிய கம்பி இழை ஒன்றை அந்த இடைவெளியின் குறுக்கே வைத்துப் பற்றவைத்தேன். வேலை நடந்தது பத்து நிமிடம். கண்டுபிடிக்க எடுத்துக்கொண்டது மூன்று நாள்.

மறுபடியும் அதே பத்துப் படிகள். ஆர்சிஎல் 60, 60. ஆர்சிஎல் 89, 89.

இத்துடன் மூடியைப் போட்டிருக்கலாம். ஆனால் 60 முதல் 89 வரை எண்கள் நிரம்பி நிற்கும்போது வேலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினால் என்ன தெரியும் என்ற ஆசை விடவில்லை. 6 ஓபி 17 கொடுத்துவிட்டு, எல்ஆர்என் நிலையில் 240ஆவது படியிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். நான் வைத்த எண்கள் பொத்தான் எண்களாக உருமாறி நின்றன. பெரும்பாலும் 00, எட்டுக்கு எட்டு படிகள் என்ற தாளத்தில் நடுவே ஓரிரு வேறு எண்கள். இயக்கியிருந்தால் இயந்திரம் முகம் சுளிக்காமல் அவற்றை இயக்கியிருக்கும். இது எண், இது நிரல் என்று சொல்லும் அடையாளம் எதுவும் அந்த 16 இலக்கங்களில் இல்லை. வேலி எங்கே இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

படிகளுக்குள்ளும் இதே கதைதான். எஸ்டிஓ 12 என்று அழுத்தினால் 42, 12 என்று இரண்டு படிகள் ஆகும். இங்கே 12 என்பது ரிஜிஸ்டர் எண். அதே 12 தனியாக வந்தால் பி என்ற பொத்தான். 12 என்ற எண்ணையே நிரலில் எழுத நினைத்தால் 01, 02 என்று இரண்டு படிகள் வேண்டும். 123ஆவது படிக்குத் தாவச் சொல்லும் கட்டளை 61, 01, 23 என்று மூன்று படிகளாகப் பதியும். யாராவது தவறுதலாக மூன்றாவது படிக்கே தாவினால் அது 23, இயல்மடக்கைப் பொத்தான். நடுவில் ஒரு படியைச் செருகினால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். தாவும் கட்டளைக்குள் எழுதிய 123 மட்டும் மாறாது. நான் இதில் பலமுறை அடிபட்டிருக்கிறேன். லேபிள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் லேபிளைத் தேடி இயந்திரம் ஒவ்வொரு முறையும் 000இலிருந்து நடந்து வரும். வேகம் வேண்டுமானால் படி எண், நிம்மதி வேண்டுமானால் லேபிள்.

இந்த அடையாளமின்மையை வைத்துத்தான் அந்தக் காலத்தில் ஒரு கள்ளச் சாவி செய்தார்கள். விசைப்பலகையில் எட்டாம் வரிசை இரண்டாம் இடத்தில் இருப்பது எண் 1. அதன் பொத்தான் எண் 01 என்பதால் 82 என்ற எண் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லாமல் காலியாக இருக்கிறது. ஆனால் உள்ளே 82க்கு ஒரு வேலை உண்டு. அடைப்புக்குறிகளுக்குள் தீராமல் நிற்கும் கணக்குகளை இயந்திரம் எட்டு உள் ரிஜிஸ்டர்களில் வைத்திருக்கிறது. 82 அவற்றைத் தொடும் கட்டளை. பொத்தான் இல்லாததை எப்படி அழுத்துவது? எஸ்டிஓ 82 என்று எழுதுங்கள்: 42, 82. பின்னால் போய் 42ஐ மட்டும் அழித்துவிடுங்கள். ரிஜிஸ்டர் எண்ணாக வந்த 82 இப்போது கட்டளையாகிவிட்டது. செய்து பார்த்தேன், வேலை செய்கிறது.

இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு மற்ற கால்குலேட்டர்களின் விசித்திரமான படி எண்ணிக்கைகளும் புரியத் தொடங்கின. 1975இல் வந்த எச்பி-25இல் ஏன் 49 படிகள்? ஐம்பது வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எச்பியின் ரிஜிஸ்டர் 14 இலக்கங்கள், 56 பிட்கள். ஒரு படிக்கு 8 பிட் என்றால் ஒரு ரிஜிஸ்டரில் ஏழு படிகள். எச்பி-25இன் நினைவகத்தில் 16 ரிஜிஸ்டர்கள்: எட்டு நமக்கு, ஒன்று கடைசியாகப் பயன்படுத்திய எண்ணுக்கு, மீதி ஏழு நிரலுக்கு. ஏழேழு நாற்பத்தொன்பது. எச்பி-29சியில் 98 படிகள், அதாவது பதினான்கு ஏழு. எச்பி-67இன் 224 என்பது முப்பத்திரண்டு ஏழு. வேடிக்கை என்னவென்றால் டிஐயின் எஸ்ஆர்-52இலும் 224 படிகள்தான், ஆனால் அது இருபத்தெட்டு எட்டு. இரண்டு வேறு கணக்குகள் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்கின்றன.

எச்பி இன்னொரு சிக்கனமும் செய்தது. எஸ்டிஓ 4 என்பது இரண்டு பொத்தான்கள். எச்பி-25இல் அது ஒரே படி. 1974இன் எச்பி-65இல் ஒரு படிக்கு 6 பிட்தான், 64 வகைக்கு மேல் இடமில்லை. அதனால் எஃப், ஜி போன்ற முன்னொட்டுப் பொத்தான்கள் பெரும்பாலும் தனிப் படியைத் தின்றுவிடும். எட்டு பிட் ஆனதும் 256 வகைகள் கிடைத்தன, முன்னொட்டையும் பொத்தானையும் சேர்த்தே ஒரு குறியீடாக்க முடிந்தது. 49 படிகள் குறைவாகத் தோன்றினாலும் அதற்குள் நுழையும் வேலை அதிகம். டிஐயின் 960ஐயும் எச்பியின் 224ஐயும் அப்படியே ஒப்பிடுவது சரியல்ல என்பது என் கருத்து.

1979இல் வந்த எச்பி-41சி இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. அங்கே படி வேறு, பைட் வேறு. ரிஜிஸ்டர் 00 முதல் 15 வரை எஸ்டிஓவுக்கு ஒரு பைட், அதற்கு மேல் போனால் இரண்டு. தாவும் கட்டளை முதல் முறை லேபிளைத் தேடி அலையும். கண்டுபிடித்ததும் தூரத்தைத் தன் பைட்டுகளுக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை நேராகப் போகும். நிரலைத் திருத்தினால் அந்தக் குறிப்புகள் அழிந்துவிடும். டிஐ-59இல் என்னை அழவைத்த அதே பிரச்சினைக்கு எவ்வளவு நேர்த்தியான தீர்வு! நினைவகம் கெட்டிருக்கிறதா என்று பார்க்கவும் ஓர் எளிய வழி: உள்ளே ஓரிடத்தில் 169 என்ற மாறா எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'நினைவகம் போய்விட்டது' என்று ஆங்கிலத்தில் காட்டிவிட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

எச்பி-12சி வைத்திருப்பவர்கள் வேலி நகர்வதைத் திருகாணியைத் தொடாமலேயே பார்க்கலாம். முதலில் எட்டு வரிகளுக்கு இடம் இருக்கும். ஒன்பதாவது வரியை எழுதியதும் ஒரு ரிஜிஸ்டர் காணாமல் போகும், ஏழு வரிகள் கூடும். இப்படிப் பதின்மூன்று ரிஜிஸ்டர்கள் போனால் எட்டுடன் தொண்ணூற்றொன்று, மொத்தம் 99.

என் டிஐ-59இல் அட்டை இழுக்கும் உருளை இன்னும் பாக்கி. பழைய ரப்பர் உருகிய வெல்லப்பாகு போல ஆகிவிட்டது. அந்தக் காலத்து அட்டை படிப்பான்கள் பலவற்றுக்கும் வயதானால் இதே கதிதான். சுரண்டி எடுத்துவிட்டு, சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை மாட்ட வேண்டும். அதுவரை நிரலைச் சேமிக்க வழியில்லை. டிஐ-59 மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

நேற்று இரவு 270 படிகளையும் மறுபடி தட்டினேன். மூன்று சமன்பாடுகளைக் கொடுத்தேன், மூன்று விடைகளும் சரியாக வந்தன. பிறகு படி எண்ணும் பொத்தான் எண்ணுமாக, வரிக்கு எட்டுப் படி வீதம் ஒரு தாளில் பென்சிலால் எழுதி எடுத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வரிகள், கடைசி வரியில் ஆறு படி. சுவிட்சை அணைத்தேன். இந்த முறை மின்கலத்தைக் கழற்றித் தனியாக வைத்தேன்.